படத்தின் பின்பக்கம்

அழகேசன் கிராணிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. கூலிகளின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான் என்பது ஒன்று. அவன் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டால் லயத்தில் பிறந்தவன் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாத பெருமைகள். ஒன்று வாயைத் திறந்தால் மற்றது வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாற்பத்தெட்டு வயது வரை அவனுக்கு இது உறைக்கவில்லை.

புக்கிட் ரோத்தானிலிருந்து நாலு மைல் உள்ளே போக வேண்டும் அவர்கள் தோட்டத்துக்கு. ஆபீஸ் பலகையில் ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைச் சொன்னால் பஸ்காரனுக்கே தெரியாது. நெட்டைத்தொரை தோட்டம் என்றால்தான் இறக்கி விடுவான். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரர் நெட்டைத்தொரை, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே சீமைக்குக் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தவர். பாதி ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தாகிவிட்டது, ஆனால் பெயரை மட்டும் யாரும் சாய்க்கவில்லை.

அந்த நெட்டைத்தொரையின் மகள் மிஸ் டொரத்தி எண்பத்து நாலாம் வருடம் மார்ச் மாதம் ஒரு கடிதம் எழுதினாள். அப்பா தோட்டத்தில் எடுத்த போட்டோ ஆல்பங்கள் தன்னிடம் இருக்கின்றன, தோட்டத்துக்கு எழுபத்தைந்து வயது ஆகிறதாமே, அவற்றில் சிலவற்றைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டி மக்களுக்குக் காட்டலாமா, அப்படியே இப்போது இருக்கிற ஆட்களையும் அதே மாதிரி நிறுத்தி நாலு படம் எடுத்துக்கொள்ளலாமா, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போட ஆசை என்று எழுதியிருந்தாள். மேனேஜர் கடிதத்தை அழகேசனின் மேசை மேல் போட்டு, "உமக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருமே, நீரே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டார். அழகேசனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கோலசிலாங்கூருக்குப் போய் இரண்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டில் சொன்னபோது அவன் அம்மா அமராவதி மட்டும் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டாள். எழுபத்திரண்டு வயது. மகனுக்குக் கிராணி வீடு கிடைத்த நாளிலிருந்து லயத்தை விட்டு அவனோடு வந்து இருக்கிறாள். போட்டோ என்ற வார்த்தையே அவளுக்கு ஆகாது. அழகேசன் கல்யாணத்தில் எடுத்த படத்தில் எல்லோரும் காமிராவைப் பார்க்க, அவள் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் மூட்டை மாதிரி நிற்கிறாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. அடையாளக் கார்டு மாற்றுவதற்காக அவளைக் கோலசிலாங்கூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போயிருந்தான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது, சின்னக் கிராணி வேலை கிடைத்த புதிது. படம் எடுக்கிறவன் தலையைத் தூக்கும்மா, தூக்கும்மா என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தான். அவள் தூக்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து தாடையில் கை வைத்தான். அவ்வளவுதான், விட்டாள் பாருங்கள் ஒரு அறை. ஸ்டூடியோ வாசலில் காத்திருந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அழகேசன் அந்த ஆளிடம் பத்து தடவை மன்னிப்புக் கேட்டான். பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம், "காட்டுக்கூட்டம்னு நெனச்சிருப்பான்லா நம்மள" என்றான். அவள் வீடு வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஏன் அடித்தாய் என்று அவன் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு இருபது வருடமும் கேட்கவில்லை.

மிஸ் டொரத்தி வந்து சேர்ந்தாள். அறுபது வயது இருக்கும், அப்பா மாதிரியே நெட்டை. கெட்டவள் என்று சொல்ல மனம் வராது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள், லயத்துக் குழாயடியில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தாள், தான் பிறந்த பங்களாவைப் பார்த்துக் கண் கலங்கினாள். மறுநாள் காலையில் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னாள். அழகேசன் ஆட்களை மேய்க்கிற மண்டோரிடம் சொல்லி, நாளைக்குப் போட்டோ எடுக்கிறார்கள், பெண்பிள்ளைகள் எல்லாம் பெரட்டுக்களத்துக்கு வந்துவிட வேண்டும் என்று லயத்துக்குச் செய்தி அனுப்பினான். காலையில் ஆள் கணக்கு எடுக்கிற அந்தக் களத்தில் அன்றைக்கு வந்து நின்ற கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தீபாவளிச் சேலை, திருவிழாச் சேலை, ஒரு வீட்டு நகையை மூன்று வீட்டுக்காரிகள் பங்கு போட்டுக்கொண்டது, காது மடல் வரைக்கும் பவுடர். பால் மரம் வெட்டுகிற லெட்சுமிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான். கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலை கொள்ளாமல் கனகாம்பரம் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்.

மிஸ் டொரத்தியின் முகம் விழுந்துவிட்டது. "ரொம்ப அழகாக இருக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் அழகேசனிடம் சொன்னாள். "ஆனால் நான் இவர்களை இவர்களாகவே எடுக்க ஆசைப்படுகிறேன். வேலை உடுப்பில். வாளியோடு."

கூறைப்புடவையில் லெட்சுமி லெட்சுமியாக இல்லையாம். ஒரு வார்த்தை அழகேசன் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அப்படித் தோன்றவே இல்லை. தன் ஏற்பாட்டில் குறை வந்துவிட்டதே என்றுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட எதிரே இருந்தவர்கள் இவர்கள்தான்.

"யாரு உங்கள சீவிச் சிங்காரிச்சிக்கிட்டு வரச் சொன்னா? கல்யாண வீடா இது? போங்க, போயி வேலைக்குப் போற சட்டையப் போட்டுக்கிட்டு, வாளியத் தூக்கிக்கிட்டு வாங்க. பத்து நிமிசத்துல வரணும்."

லெட்சுமி நகரவில்லை. "என்னாங்கய்யா இது, கிழிஞ்ச சட்டையோடயா போட்டோவுல நிக்கிறது? சீமைக்குக் கொண்டுபோயி காட்டப் போறாங்கன்னு சொல்றாங்க. பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?"

"என்னாத்த நெனப்பாங்க? நீ பால் வெட்டுறவதானே? சொன்னதச் செய்லா."

போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். ரப்பர் பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன சட்டை, புருசனின் பழைய காற்சட்டை, தலையில் ஒரு துண்டு. பூவை எடுத்துவிட்டு வந்த லெட்சுமியின் முகத்தில் பவுடர் மட்டும் திட்டுத்திட்டாக மிச்சமிருந்தது. காமிராவுக்கு முன்னால் நிறுத்தியபோது அவள் தரையைப் பார்த்தாள்.

"முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொல்ல முடியுமா?" என்றாள் மிஸ் டொரத்தி.

அழகேசன் சொன்னான். அவள் திருப்பவில்லை. மறுபடியும் சொன்னான். பிறகு அவனே போனான். கட்டைவிரலையும் இரண்டு விரலையும் அவள் தாடையில் வைத்து, ஆபீஸில் மேசை விளக்கைத் திருப்புவது போல, முகத்தைத் தூக்கி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். லெட்சுமி அவனை அடிக்கவில்லை. கண்ணை மட்டும் வேறு எங்கோ கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். காமிராவில் படம் விழுந்தது. மிஸ் டொரத்தி அருமை, அருமை என்றாள். அழகேசனுக்கு வாயெல்லாம் பல்.

மத்தியானம் ஆபீஸில் ஆல்பத்தைப் பிரித்தார்கள். தடித்த தோல் அட்டை, ஏடுகளுக்கு நடுவில் மெல்லிய காகிதம், மூலைகளில் செருகி வைத்த படங்கள். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் தமிழில் ஏதோ எழுதியிருந்தது. அப்பாவிடம் வேலை பார்த்த தனபாலன் என்ற கிராணியின் கையெழுத்து அது, எனக்குப் படிக்கத் தெரியாது, ஐம்பது வருடமாக அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன் என்றாள் மிஸ் டொரத்தி. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அழகேசன் படங்களை ஒவ்வொன்றாக உருவி, திருப்பி, படித்து இங்கிலீஷில் சுருக்கிச் சொன்னான்.

"சேது. பால் மரம் வெட்டுபவன். ஐந்தாம் லயம்." அது லயத்துச் சன்னாசிக் கிழவரின் அண்ணன். செத்து முப்பது வருடம் ஆகிறது. "வேலாயி. புல் வெட்டுபவள். முதல் லயம்." மிஸ் டொரத்தி எழுதிக்கொண்டே வந்தாள். கிராணி எழுத்து அச்சுப் போல் இருந்தது. பெயர், அப்பன் பெயர், லயம், வேலை. ஒன்றைக்கூட விடவில்லை அந்த மனிதர்.

படங்களின் முன்பக்கம் வேறு மாதிரி. எல்லோருடைய பக்கத்திலும் கறுப்பும் வெள்ளையுமாக அடி, அங்குலம் குறித்த ஒரு மரக்கோல் நட்டு வைத்திருந்தது. ஒரு படம் நேராக, ஒரு படம் பக்கவாட்டில். மாட்டுச்சந்தையில் உயரம் பார்த்து நிறுத்தியது போல. "அந்தக் காலத்தில் இப்படித்தான் எடுப்பார்கள், விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டு" என்றாள் மிஸ் டொரத்தி, கொஞ்சம் சங்கடத்தோடு. பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். "உங்கள் இங்கிலீஷ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! இந்த மக்களில் ஒருவர் இல்லை நீங்கள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. உங்கள் குடும்பம் யாழ்ப்பாணமா?"

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணிகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆமாம் என்று சொல்லவில்லை அழகேசன். அவனுக்கு அந்த நியாயமாவது இருக்கிறது. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தான். சிரித்துவிட்டு ஏட்டைத் திருப்பினான்.

அடுத்த பக்கத்தில் அவன் அம்மா நின்றாள்.

இருபது வயது. பக்கத்தில் மரக்கோல். தலைமுடியை முழுதாக அவிழ்த்து இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தது, மண்டையின் வடிவம் தெரிவதற்காக இருக்கும். சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் அவள் முடியை அவிழ்த்து அவன் பார்த்ததில்லை. நெற்றியும் புருவமும் அந்தப் பிடிவாதமான வாயும் அப்படியே அவள்தான். படத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே நீண்டிருந்தது. வெள்ளைச் சட்டையின் கைப்பட்டி, கைக்கடிகாரம், அவள் தாடையில் கட்டைவிரலும் இரண்டு விரலும். ஆள் தெரியவில்லை, கை மட்டும்தான். அவளுடைய கண் வேறு எங்கோ போயிருந்தது.

அழகேசன் மேசை மேல் இருந்த தன் கையைப் பார்த்தான். வெள்ளைக் கைப்பட்டி, கைக்கடிகாரம். சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். காலையில் பட்ட பவுடர் விரலில் இன்னும் ஒட்டியிருப்பது போல உடம்பெல்லாம் கூசியது.

"இவள்தான் எல்லாவற்றிலும் சிறந்த படம்" என்றாள் மிஸ் டொரத்தி. "சின்ன வயதிலிருந்து இவளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். யார் இவள்?"

அவன் படத்தை உருவித் திருப்பினான். அமராவதி. த.பெ. அப்பளசாமி. மூன்றாம் லயம். பால் வெட்டுபவள். அதே அச்சுப் போன்ற எழுத்து. ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான். எதிரே பென்சில் காத்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துச் சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெயர் எழுதவில்லை" என்றான் இங்கிலீஷில். "தோட்டப் பெண் என்று மட்டும்தான் இருக்கிறது."

"நாலு வரி இருக்கிறதே?"

"அது... தேதி, மற்ற விவரங்கள்."

"ஐயோ பாவம்" என்று சொல்லி அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அவன் படத்தைத் திரும்பச் செருகினான். அம்மாவுக்காகத்தான் மறைத்தேன், அவளுக்குத்தான் கேவலம் என்று அந்த நிமிடமே மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அவனுடைய இங்கிலீஷைப் போலவே அந்தச் சமாதானமும் அவனுக்குத் தண்ணி மாதிரி வந்தது.

சாயங்காலம் அமராவதி பின்வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"நெட்டைத்தொரை புடிச்ச படமெல்லாம் இருக்கா அந்தப் பொஸ்தகத்துல?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"கோல் நட்டு வச்சிப் புடிச்சது?"

அழகேசன் ஆணியையே பார்த்தான். "அதெல்லாம் இல்லம்மா. பங்களா, மரம், ஆத்தங்கரை, அந்த மாதிரிதான்."

அவள் கீரையை உருவுவதை நிறுத்தினாள். "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"இருந்தா சொல்லு தம்பி" என்றாள். பிறகு ஒரு கொத்தை எடுத்து மறுபடியும் உருவ ஆரம்பித்தாள். பயப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். வேறு விதமாகவும் இருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

மூன்று வாரத்தில் கோலாலம்பூரில் படங்களைப் பெரிதாக்கி லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அமராவதியின் படம்தான் எல்லாவற்றிலும் பெரியது, கதவு உயரம். வேண்டாம் என்று சொல்ல அழகேசன் நாலைந்து தடவை வாயைத் திறந்தான். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. மக்கள் படிக்க வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழிலும் ஒரு அட்டை எழுதிவிடுங்கள் என்று மிஸ் டொரத்தி கேட்டுக்கொண்டாள். அவனே உட்கார்ந்து எழுதினான். எல்லா அட்டையையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் அதை எடுத்தான். 'பெயர் தெரியாத தோட்டப் பெண், 1932.' எழுத்து கோணிக்கொண்டு வந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதையே மறுபடியும் நேராக எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்ட மண்டபத்தில் கூட்டம். முழங்கால் வலியோடு எதற்கு, வெயில் வேறு, வீட்டில் இரு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். மேனேஜர் நாலு வார்த்தை பேசினார். மிஸ் டொரத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். ஆல்பங்களை மேசை மேல் விரித்து வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஜனங்கள் படங்களுக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அழகேசன் எதிர்பார்த்தது போல் யாரும் முகம் சுளிக்கவில்லை. சன்னாசிக் கிழவர் தன் அண்ணன் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"டேய், சேதுடா! எங்கண்ணன்டா! கோலு பக்கத்துல எப்படி மொறைக்கிறான் பாரு! அவன் மொகம் மறந்துபோச்சுன்னு நெனச்சேன்டா எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே இருந்த அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்றவனைப் படிக்கச் சொன்னார். படிக்கக் கேட்டதும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அழகேசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வாசலில் அம்மா வந்தாள். லெட்சுமி அவள் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தாள். அமராவதி நல்ல சேலை கட்டியிருந்தாள். முந்தானை தோளில் இருந்தது, முகத்தில் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்து, மண்டபத்தின் கடைசியில் அந்தக் கதவு உயரப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

கூட்டம் மெல்ல அடங்கியது. பழைய ஆட்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். சன்னாசி வாயைத் திறந்து, கிராணியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"என்னா எழுதியிருக்கு கீழ?" என்று கேட்டாள் அமராவதி. மகனிடம் கேட்கவில்லை, லெட்சுமியிடம் கேட்டாள். லெட்சுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைக்கும் படித்தவள்.

"பெயர் தெரியாத தோட்டப் பெண்ணுன்னு போட்டிருக்கு பாட்டி."

"பேரு தெரியாதவளா?"

"ஆமாம் பாட்டி."

"யாரு எழுதுனது?"

அந்தக் கையெழுத்தை எல்லோரும் தினமும் பெரட்டுக்களத்துப் பலகையில் பார்க்கிறவர்கள்தான். லெட்சுமியின் பார்வை அட்டையிலிருந்து படத்துக்குப் போயிற்று, படத்தின் ஓரத்தில் நீண்டிருந்த கைக்குப் போயிற்று, அங்கிருந்து நேராக அழகேசனின் கைக்கு வந்தது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அமராவதி திரும்பினாள். சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"கட்டுன புருசன் உசுரோட இருக்கறப்ப முடிய அவுத்துப்போட்டு நிக்கச் சொன்னாங்க. நின்னேன். தலையத் தூக்கச் சொன்னாங்க, தூக்கல. தனபாலன் கிராணி வந்து தாடையப் புடிச்சாரு. கையத் தட்டிவிட எனக்குத் தைரியம் வரல. அந்த அறையத்தான் முப்பது வருசம் கழிச்சி ஸ்டூடியோக்காரனுக்குக் குடுத்தேன்." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். அழகேசனுக்கு அந்தப் பஸ் ஞாபகம் வந்தது, காட்டுக்கூட்டம் என்று சொன்னது ஞாபகம் வந்தது, பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

"ஆனா படத்தக் கழுவிக் கொண்டாந்தப்ப அதே கிராணி லயத்துக்கு வந்தாரு. பேரச் சொல்லு புள்ள, பின்னால எழுதணும்னாரு. சொல்ல மாட்டேன்னேன். நான் செஞ்சது தப்புதான், பேரு எழுதலன்னா இன்னும் பெரிய தப்பாயிரும், நாளைக்குப் பாக்கறவங்களுக்கு நீ யாருன்னு தெரியாமப் போயிரும்னாரு. எம்பேரு, எங்கப்பன் பேரு, லயத்து நம்பரு எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரு. எம்பது வருசம் ஆனாலும் அழியாத மையின்னு சொன்னாரே." மகனின் முகத்தைப் பார்த்தாள். "படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் திருப்பிப் பாக்கலியா தம்பி?"

மிஸ் டொரத்தி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். "என்ன சொல்கிறாள் இந்த அம்மா? ஏன் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்?"

அழகேசன்தான் மொழிபெயர்ப்பாளன். அந்த மண்டபத்தில் வேறு யாரும் அந்த வேலைக்கு இல்லை.

"படத்தில் இருப்பது தான்தான் என்கிறார்கள்" என்றான். இங்கிலீஷ் வரவில்லை. வார்த்தைக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. "பெயர் அமராவதி."

"கடவுளே! இவர்களா? உயிரோடு இருக்கிறார்களா?" மிஸ் டொரத்தி அமராவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "கேளுங்கள், தயவுசெய்து கேளுங்கள். இவர்களுக்குச் சொந்தம் என்று இங்கே யாராவது இருக்கிறார்களா?"

லெட்சுமிக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரிந்தது போலிருக்கிறது. அவள் அழகேசனை நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண் வேறு எங்கும் போகவில்லை.

"நான்" என்றான் அழகேசன். "நான் இவர்களுடைய மகன்."

மிஸ் டொரத்தி அவனைப் பார்த்தாள். மேசைக்குப் போய் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து, மூலைகளிலிருந்து படத்தை உருவி, பின்பக்கம் மேலே இருக்கும்படி அவன் கையில் கொடுத்தாள்.

"மறுபடியும் படியுங்கள், மிஸ்டர் அழகேசன். இந்தத் தடவை தமிழிலேயே படியுங்கள். இவர்கள் கேட்கட்டும்."

மண்டபமே காத்திருந்தது. கோபித்துக்கொண்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்தான்.

"அமராவதி. தகப்பன் பெயர் அப்பளசாமி. மூன்றாம் லயம். பால் வெட்டுபவள்."

அமராவதி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் லெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"சரியாப் படிக்கிறானான்னு நீ கொஞ்சம் பாரும்மா" என்றாள்.

லெட்சுமி அவன் பக்கத்தில் வந்து நின்று படத்தின் மேல் குனிந்தாள். முதல் வரியின் மேல் அவனுடைய கட்டைவிரல் இருந்தது.

"கைய எடுங்கய்யா" என்றாள்.